தொடங்கும் நாளிலேயே சொல்ல வேண்டியவை

சற்று நீண்ட பதிவு இது. நாள்பட்ட வலியோடு வாழும் ஒருவரை வீட்டிலோ துறையிலோ அறிந்தவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

எனக்கு முதுகலையில் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெற்ற பின் ஹைதராபாத்தில் மகளுடன் வசித்துவருகிறார். முதுகுத்தண்டில் இருமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இரண்டாம் அறுவைக்குப் பிறகும் இடுப்பிலிருந்து வலக்காலுக்கு இறங்கும் வலி அவரை விட்டு நீங்கவில்லை. சென்ற டிசம்பரில் ஒருநாள் விடியற்காலையில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கும் வழக்கத்தைக்கூட விட்டுவிட்டு நேராகக் கேட்டார்: “தம்பி, நான் அடிமையாகிட்டேனா?”

நடந்தது இதுதான். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் தனியார் மருத்துவமனை ஒன்றில் அவருக்கு டாபென்டடால் என்னும் மருந்தின் மெல்ல வெளிவிடும் வகை மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வலிக்கு நல்ல மாத்திரை, ஒரு மாதம் போடுங்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்லப்படவில்லை. அது ஓபியாய்டு என்பதும், அபினியிலிருந்து கிடைக்கும் மார்பினைப் போலவே உடலில் செயற்படும் வலிநிவாரணிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. வலி குறைந்தது. ஒரு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து படிக்க முடிந்தது. ஆகவே ஒரு மாதம் ஐந்து மாதமாயிற்று. அதே மருந்துச்சீட்டைக் காட்டி அதே கடையில் வாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் மகள் அம்மருந்தின் பெயரை இணையத்தில் தேடினார். போதை, கடத்தல், மரணம் என்ற சொற்களைக் கண்டு அஞ்சி, வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகள் அனைத்தையும் அன்றிரவே எடுத்து எறிந்துவிட்டார். இரண்டாம் நாள் பேராசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது, மூக்கு ஒழுகியது, வயிறு கழன்றது, கால்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை, உறக்கம் அறவே போயிற்று. மூன்றாம் நாள் விடியலில் வந்ததுதான் அந்த அழைப்பு. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டறியாத மனிதர் அவர். வலியைக் காட்டிலும் அந்தக் கேள்வியே அவரை அதிகம் வருத்தியது.

நான் மருத்துவன் அல்லன். மருந்துக் கொள்கையின் வரலாற்றை ஆய்ந்துவருபவன். ஆகவே இதனைச் சிகிச்சை ஆலோசனையாக யாரும் கொள்ள வேண்டாம். குறிப்பாக, இதைப் படித்துவிட்டுத் தாமாக எந்த மருந்தையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். நான் சொல்ல விரும்புவது ஒன்றே. எதற்காகத் தொடங்குகிறோம், பயன் இருக்கிறதா என்று எப்போது பார்ப்போம், பயனில்லையென்றால் எப்படிப் படிப்படியாக இறங்குவோம் என்ற மூன்றையும் முதல் நாளிலேயே, நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லாமல், நாள்பட்ட வலிக்கு மெல்ல வெளிவிடும் ஓபியாய்டைத் தொடங்கக் கூடாது. பேராசிரியருக்கு இரண்டு தீங்குகள் நேர்ந்தன: ஒன்றும் சொல்லாமல் மருந்து தொடங்கப்பட்டது, ஒன்றும் அறியாமல் நிறுத்தப்பட்டது. இரண்டாவது தீங்கு முதலாவதன் பிள்ளை.

இதனை இந்தியாவில் இருந்துகொண்டு எழுதும்போது ஒரு தயக்கம் எழுகிறது. ஏனெனில் ஓபியாய்டு விஷயத்தில் இந்நாட்டின் பெருங்குற்றம் தாராளம் அன்று, மறுப்பே. மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர், ராஜஸ்தானின் சித்தோர்கர், பிரதாப்கர் முதலிய மாவட்டங்களில் அரசு உரிமம் பெற்ற உழவர்கள் கசகசாச் செடியின் காயைக் கீறி, வடியும் பாலைச் சேகரித்து அரசுக்கு விற்கிறார்கள். நீமச்சிலும் உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. உலகின் மருந்துத் தொழிலுக்கு அபினி விற்ற இதே நாட்டில்தான் புற்றுநோயாளிகள் மார்பின் கிடைக்காமல் கதறி இறந்தார்கள்.

காரணம் சட்டம். 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், கடத்தலை ஒடுக்க எழுதப்பட்டது. குறைந்தபட்சம் பத்தாண்டுச் சிறை என்ற அதன் தண்டனை, கணக்கில் ஒரு மாத்திரை பிசகினாலும் தம்மைப் பிடித்துவிடும் என்று மருத்துவமனைகளும் மருந்தாளுநர்களும் அஞ்சினர். பல மாநிலங்களில் மார்பின் இருப்பு வைக்க வெவ்வேறு துறைகளிடமிருந்து நான்கைந்து உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. அவை அனைத்தும் ஒரே காலத்தில் செல்லுபடியாகவும் வேண்டியிருந்தது. ஒன்று வருவதற்குள் மற்றொன்று காலாவதியானது. 1997-இல் நாடு முழுவதற்குமான மருத்துவ மார்பின் பயன்பாடு வெறும் 18 கிலோவாகச் சுருங்கியது. ஒரு தலைமுறை மருத்துவ மாணவர்கள் மார்பின் மாத்திரையைக் கண்ணால் காணாமலேயே பட்டம் பெற்று வெளியேறினர்.

இந்த இருளை விலக்கப் போராடியவர்களில் முதன்மையாகக் குறிப்பிட வேண்டியவர் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால். 1993-இல் கோழிக்கோட்டில் அவரும் மருத்துவர் சுரேஷ்குமாரும் பிறரும் தொடங்கிய வலிநிவாரண, நோய்த்தணிப்பு இயக்கம் கேரளம் முழுவதும் பரவியது. 2008-இல் கேரள அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நீண்ட முயற்சிகளின் பயனாக 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்பின் உள்ளிட்டவை ‘இன்றியமையாப் போதை மருந்துகள்’ என்னும் புதிய வகைக்குள் வந்தன. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனத்துக்கு ஓர் உரிமம் போதும் என்றாயிற்று. ஆயினும் பழக்கம் சட்டத்தைப்போல் ஒரே நாளில் திருந்துவதில்லை. 2017-இல் வெளிவந்த லான்செட் ஆணையத்தின் அறிக்கை, வலிநிவாரணத்துக்குத் தேவையான ஓபியாய்டில் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே இந்திய நோயாளிகளைச் சென்றடைகிறது என்று கணக்கிட்டது. அதே அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் வழங்கப்பட்ட ஏறக்குறைய 299 டன் ஓபியாய்டில் ஏழை நாடுகளுக்குக் கிடைத்தது 100 கிலோ.

இத்தகைய நாட்டில் ஓபியாய்டைப் பற்றி எச்சரிக்கை எழுதுவது, பட்டினி கிடப்பவனிடம் செரிமானக் கோளாறு குறித்துப் பேசுவது ஆகாதா? நோய்த்தணிப்புத் துறையில் பணியாற்றும் தோழி ஒருவர் என்னிடம் இவ்வாறே கேட்டார். “நீங்கள் எழுதும் ஒவ்வொரு எச்சரிக்கையும் எங்கள் வார்டில் ஒரு நோயாளியின் மார்பினைக் குறைக்கும்” என்றார். அவருடைய அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று இந்தியாவில் பஞ்சமும் மிகையும் அருகருகே வாழ்கின்றன. மார்பின் மாத்திரை ஒரு மாவட்டத் தலைநகரில் கிடைக்காமல் போகலாம். அதே ஊரில் டிரமடாலும் டாபென்டடாலும் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் எழுதப்படுகின்றன. டிரமடால் 2018 ஏப்ரலில்தான் மேற்கண்ட சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. வலிமை மிகுந்ததைக் கண்டு நடுங்கும் அதே மருத்துவ மரபு, சற்று மென்மையானதைச் சாதாரண மாத்திரைபோல் கையாளுகிறது. இரண்டும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

இவ்வறியாமை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் வரலாறு சான்று. அதில் நம் போன்ற ஆய்வாளர்கள் வெட்கத்தோடு நினைவில் கொள்ள வேண்டிய ஓர் அத்தியாயமும் உண்டு. 1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஐந்து வாக்கியங்கள் மட்டுமே கொண்ட கடிதம் ஒன்று வெளிவந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் 11,882 பேருக்கு ஓபியாய்டு தரப்பட்டதாகவும், முன்பு பழக்கம் இல்லாதவர்களில் நால்வர் மட்டுமே அடிமையானதாகப் பதிவாகியிருப்பதாகவும் அது கூறியது. மருத்துவமனைக்குள், கண்காணிப்பில், குறுகிய காலம் மருந்து பெற்றவர்களைப் பற்றிய குறிப்பு அது. வீட்டில் ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்பவர்களைப் பற்றி அக்கடிதம் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் அது 600 முறைக்கு மேல் மேற்கோளாயிற்று. 2017-இல் அதே இதழில் இம்மேற்கோள்களை எண்ணிப் பார்த்தவர்கள், அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு, மருத்துவமனையில் இருந்தவர்களைப் பற்றிய கணக்கு இது என்பதையே குறிப்பிடவில்லை என்று காட்டினர். மூலத்தைப் படிக்காமல் அடிக்குறிப்பு இடும் பழக்கம் மனித உயிர்களைக் குடிக்கும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் நமக்கு வேண்டியதில்லை.

இந்தப் பின்புலத்தில்தான் 1996-இல் ஆக்ஸிகான்டின் சந்தைக்கு வந்தது. ஆக்ஸிகோடோன் என்னும் பழைய மருந்தைப் பன்னிரண்டு மணி நேரம் மெல்ல மெல்ல வெளிவிடும் மாத்திரை அது. மெல்ல வெளிவருவதால் போதைக்குப் பயன்படும் வாய்ப்பு குறைவு என்ற நம்பிக்கை அதன் அதிகாரபூர்வ விவரக் குறிப்பிலேயே இடம்பெற்றது. புற்றுநோய்க்கு மட்டுமன்றி முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் குடும்ப மருத்துவர்கள் எழுதும் மருந்தாக அது விற்கப்பட்டது. ஆனால் மாத்திரையை நசுக்கினால் பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து முழுவதும் ஒரே நொடியில் கைக்கு வந்துவிடும் என்பதை மக்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். தயாரிப்பாளரான பர்டியூ நிறுவனம் 2007-இல் மருந்தைத் தவறாக விளம்பரப்படுத்திய குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கும் மேல் செலுத்த நேர்ந்தது. எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் தொடங்கிய அந்நெருக்கடி பின்னர் ஹெராயினுக்கும், அதன்பின் கள்ளச்சந்தை ஃபென்டனிலுக்கும் மாறியது. 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்நாட்டில் மருந்து மிகையால் இறந்தோர் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினர்.

இவ்வரலாற்றின் இரண்டாம் பாதியை நம்மில் பலர் படிப்பதில்லை. அச்சம் வந்ததும் பல அமெரிக்க மருத்துவர்கள் நெடுநாள் ஓபியாய்டு உண்டுவந்த நோயாளிகளின் மருந்தைத் திடீரெனக் குறைத்தார்கள், நிறுத்தினார்கள். சிலர் வலி தாளாமல் தற்கொலை செய்துகொண்டனர். 2019 ஏப்ரலில் அந்நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பே, உடல் பழகிவிட்டவர்களுக்கு இம்மருந்துகளைத் திடீரென நிறுத்துவது பெருந்தீங்கு விளைவிக்கும் என்று எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. ஹைதராபாத்தில் என் பேராசிரியரின் மகள் ஒரே இரவில் செய்ததை அங்கு ஒரு மருத்துவ அமைப்பே செய்தது. ஆக, அமெரிக்கா தரும் பாடம் ‘ஓபியாய்டு தீது’ என்பதன்று. எளிதாகத் தொடங்கியவர்கள் கொடூரமாக நிறுத்தினார்கள் என்பதே பாடம்.

இனி, மெல்ல வெளிவிடும் மாத்திரைக்கு ஏன் தனிக் கவனம் வேண்டும் என்பதைப் பார்ப்போம். சாதாரண மார்பின் மாத்திரையின் வலிநிவாரணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். புற்றுநோயால் இரவும் பகலும் வலிப்பவருக்கு நான்கு மணிக்கொரு முறை மாத்திரை என்றால் உறக்கம் ஏது? உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கு வகுத்த நெறியில், வலி வந்தபின் அல்லாமல் கடிகாரப்படி மருந்து தர வேண்டும் என்பது ஒரு முக்கிய விதி. அந்நெறிக்கு மெல்ல வெளிவிடும் மாத்திரை பேருதவி புரிந்தது. முதலில் சாதாரண மாத்திரையால் வலியை அடக்கி, ஒரு நாளைக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று கண்டு, அந்த அளவை இரண்டு மெல்ல வெளிவிடும் மாத்திரைகளாகப் பிரித்துத் தருவார்கள். அளவு அறிந்தபின் வரும் மாத்திரை அது.

அளவு அறியும் முன்பே அதைத் தொடங்கினால் என்ன ஆகும்? உடல் பழகாத ஒருவருக்கு அளவு மிகுந்துவிட்டால், சாதாரண மாத்திரையின் விளைவு சில மணி நேரத்தில் தணியும். மெல்ல வெளிவிடும் மாத்திரையோ நள்ளிரவிலும் மருந்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். மயக்கம் ஆழ்ந்து மூச்சு தளர்வது உறக்கத்தில் நிகழ்வதால் வீட்டார் அறியமாட்டார்கள். அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நீடித்துச் செயற்படும் வகையில் தொடங்கியவர்களுக்குத் தற்செயலான மருந்து மிகை நேரும் வாய்ப்பு, குறுகிய நேரம் செயற்படும் வகையில் தொடங்கியவர்களைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் என்று கண்டது. முதல் இரண்டு வாரங்களில் அது ஐந்து மடங்கு. அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2016-இலும் 2022-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஓபியாய்டு தொடங்க நேர்ந்தால் உடனடியாக வெளிவிடும் வகையிலேயே தொடங்க வேண்டும் என்று தெளிவாகக் கூறுகின்றன. என் பேராசிரியருக்கு எழுதப்பட்ட முதல் ஓபியாய்டே மெல்ல வெளிவிடும் வகை.

அடுத்த கேள்வி, பயன் உண்டா என்பது. புற்றுநோய், இறுதிக்கால வலி ஆகியவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. அங்கு மார்பினை மறுப்பது கொடுமை. நாள்பட்ட முதுகுவலி, மூட்டுத் தேய்மானம் போன்றவற்றில் சான்று அவ்வளவு உறுதியானதன்று. 2018-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஆய்வு 240 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஓராண்டுக்காலம் தொடர்ந்தது. அன்றாடச் செயல்பாட்டில் ஓபியாய்டுப் பிரிவு மற்றப் பிரிவைவிட எவ்விதத்திலும் மேம்படவில்லை. வலியின் அளவிலோ ஓபியாய்டு அல்லாத மருந்துகளைப் பெற்றவர்களே சற்று நன்றாக இருந்தனர். ஆனால் சராசரி என்பது ஒரு மனிதனின் முதுகன்று. பிற மருந்துகள், உடற்பயிற்சிச் சிகிச்சை, நரம்புத்தடை ஊசி என அனைத்தும் கைவிட்டபின் ஓபியாய்டால் எழுந்து நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அதைப் பறிக்கவோ, குற்ற உணர்வோடு உண்ணச் செய்யவோ யாருக்கும் உரிமை இல்லை. நமக்கு வேண்டியது, யாருக்கு உதவுகிறது என்று நேர்மையாகச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு. அதனால்தான் தொடக்கம் ஒரு சோதனைக்காலமாக அறிவிக்கப்பட வேண்டும் என்கிறேன்.

முதல் நாளில் சொல்ல வேண்டியவை பெரிய மறைபொருள்கள் அல்ல. முதலாவது, மருந்தின் இனம்: இது ஓபியாய்டு, இதன் உறவு இன்னது என்று பெயர் சொல்லிக் கூறுதல். இரண்டாவது, இலக்கு. வலி பூச்சியமாகும் என்ற பொய் வாக்குறுதிக்குப் பதில், அரை மணி நேரம் நடக்க வேண்டும், இரவில் ஐந்து மணி நேரம் உறங்க வேண்டும் என்பதுபோல் அளந்தறியத்தக்க இலக்கு. மூன்றாவது, நாள்: ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் மீண்டும் பார்ப்போம், இலக்கு எட்டவில்லையென்றால் அளவை ஏற்றிக்கொண்டே போகாமல் இறங்குவோம் என்ற உடன்பாடு. நான்காவது, இறங்கும் வழி: நீங்களாக நிறுத்தாதீர்கள், படிப்படியாகக் குறைப்போம், நெடுங்காலம் உண்டவர்களுக்கு மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற வேகமும் தேவைப்படலாம் என்னும் தெளிவு.

ஐந்தாவது, வீட்டில் நடக்கக்கூடிய தவறுகள். நம் வீடுகளில் பெரியவர்களுக்கு மாத்திரையை நசுக்கித் தேனிலோ தண்ணீரிலோ குழைத்துக் கொடுப்பது பாசத்தின் அடையாளம். மெல்ல வெளிவிடும் மாத்திரையை நசுக்கினால், உடைத்தால், மென்றால், அதன் கட்டமைப்பே குலைந்து மருந்து முழுவதும் ஒருசேர இறங்கிவிடும். தோலில் ஒட்டும் ஓபியாய்டுப் பட்டை போட்ட இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலும் மருந்து விரைந்து உட்புகும். உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் உண்ணும் அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவையும், நரம்பு வலிக்கு உடன் எழுதப்படும் பிரிகாபலினும், மதுவும் இதனுடன் சேர்ந்தால் மூச்சைத் தளர்த்தும். மதுவின் ஆபத்து வெறும் ஏட்டுச் செய்தியன்று. மெல்ல வெளிவிடும் ஹைட்ரோமார்போன் மருந்தொன்று மதுவோடு சேர்ந்தால் முழுவதும் ஒரே சமயத்தில் வெளிப்பட்டுவிடும் என்று தெரிந்ததும் 2005-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மார்பின் உடலில் தேங்கும். மலச்சிக்கல் ஏறத்தாழ உறுதி. மற்றப் பக்கவிளைவுகளைப்போல் நாளடைவில் அது பழகிப்போவதில்லை. ஆதலால் மலமிளக்கி முதல் நாளிலேயே எழுதப்பட வேண்டும். என் பேராசிரியர் மலச்சிக்கலுக்காக வேறொரு மருத்துவரிடம் இரண்டு மாதம் அலைந்தார். காரணம் தலையணை அருகிலிருந்த மாத்திரை அட்டைதான் என்று எவரும் சொல்லவில்லை.

ஆறாவதாக, ‘அடிமை’ என்ற சொல்லைப் பற்றியும் அன்றே பேச வேண்டும். உடல் ஒரு மருந்துக்குப் பழகி, திடீரென நிறுத்தினால் எதிர்வினை காட்டுவது உடற்சார்பு. நெடுநாள் ஸ்டீராய்டு உண்டவர்களும், சில வகை இரத்த அழுத்த மாத்திரைகளை உண்பவர்களும்கூட அவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது. அவர்களை யாரும் அடிமை என்பதில்லை. தீங்கு கண்டும் கட்டுப்பாடின்றி மருந்தைத் தேடுவதும், வாழ்க்கையே அதைச் சுற்றிச் சுழல்வதும் வேறொரு நோய். அதற்கும் சிகிச்சை உண்டு, அதிலும் இழிவில்லை. முதலாவது பல நாள் உண்ணும் எவருக்கும் நேரும். இரண்டாவது சிலருக்கே நேரும், ஆனால் நேரக்கூடியது. தமிழில் இவ்விரண்டையும் ‘அடிமை’ என்ற ஒரே சொல்லுக்குள் திணித்துவிட்டோம். மருந்தையும் கடத்தல் பொருளையும் ‘போதை மருந்து’ என்ற ஒரே தொடரால் அழைக்கிறோம். சொல்லில் இல்லாத வேறுபாடு மனத்தில் எப்படித் தோன்றும்? மொழித்துறை நண்பர்கள் இதனைத் தங்கள் பணியாகவும் கருத வேண்டும்.

ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் வெளிநோயாளர் பிரிவில் இத்தனையும் சொல்ல நேரம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மருத்துவரே அனைத்தையும் சொல்ல வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கேரளத்தின் நோய்த்தணிப்பு இயக்கம் செவிலியரையும் பயிற்சி பெற்ற தன்னார்வலரையும் கொண்டே வீடுவீடாகச் சென்றது. தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் வங்காளத்திலும் ஒரு பக்கத் தாள் அச்சிட்டுத் தருவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. இன்று அந்த மாத்திரை அட்டையில் மெல்ல வெளிவிடும் தன்மையைக் குறிப்பது மருந்துப் பெயரையடுத்து ஆங்கிலத்தில் ஒட்டி நிற்கும் எஸ்.ஆர். அல்லது இ.ஆர். என்ற இரண்டெழுத்து மட்டுமே. ஒரு மாத்திரையின் உயிர்நாடியான செய்தியை, அதை உண்பவருக்குப் புரியாத இரண்டெழுத்தில் ஒளித்து வைத்துவிட்டு, பின்னர் அவர் தவறாக உண்டார் என்று கூறுவது அறமன்று. சொல்ல நேரமில்லை என்றால், அந்த மருந்தைத் தொடங்கவும் நேரமில்லை என்றே பொருள்.

என் தோழியின் அச்சத்துக்கும் என் விடை இதுவே. மார்பினைக் காப்பாற்ற வேண்டுமானால் ஓபியாய்டு பற்றிய உண்மை முழுவதும் மக்களிடம் இருக்க வேண்டும். மறைத்துத் தொடங்கப்படும் ஒவ்வொரு சிகிச்சையும் ஒரு நாள் அச்சமாக வெடிக்கும். அந்த அச்சம் முதலில் பறிப்பது புற்றுநோய் வார்டில் கிடப்பவரின் மருந்தைத்தான். 1985-க்குப் பின் இந்தியா கண்டதும் அதுவே.

பேராசிரியரை அன்றே வலிநிவாரணச் சிகிச்சை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் நாற்பது நிமிடம் பேசினார்; மகளையும் உடன் அமரவைத்தே பேசினார். மருந்தை மீண்டும் தொடங்கி, குறைந்த அளவுள்ள மாத்திரைகளாக மாற்றி மாற்றி இறக்கிவருகிறார். இப்போது பழைய அளவில் பாதியில் நிற்கிறது. முழுவதும் நிறுத்துவதா, அந்த அளவிலேயே தொடர்வதா என்பதை அடுத்த சந்திப்பில் முடிவு செய்வார்கள். வலி போய்விடவில்லை. ஆனால் மாலையில் குடியிருப்பைச் சுற்றி இருபது நிமிடம் நடக்கிறார். நடந்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார்; மருத்துவர் கேட்டது அந்தக் கணக்கைத்தான்.

அன்று தொலைபேசியில் அவருடைய கேள்விக்கு எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்வேன்: இல்லை ஐயா, நீங்கள் அடிமையாகவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியதை யாரும் சொல்லவில்லை.

மருத்துவத் துறை நண்பர்கள் பிழை கண்டால் திருத்துங்கள்; மாற்றுக்கருத்து உடையோர் தாராளமாக எழுதுங்கள்.